ஜீப்போடு நின்ற கதை

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மணிமொழி எழுதுவது.

அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி. கவிநிலா கல்லூரிக்குப் போய் வருகிறாள். அண்ணியைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் நாவலை இரண்டு தடவை படித்தேன். பூங்கொடி என்று பெயர் வைத்துவிட்டால் அது நான் இல்லை என்று ஆகிவிடுமா? செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீட்டில் அறை பெருக்குகிறவள், இடது புருவத்தில் தழும்பு, அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவள். இந்த ஊரில் வேறு யார்? அங்கே தங்கிய அம்மாளின் தங்க வளையல் காணாமல் போகிறது. பூங்கொடியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறார்கள். அதோடு முதல் பாகம் முற்றும் என்று போட்டுவிட்டாய்.

மூன்றாம் நாள் அந்த அம்மாளின் பைக்குள், உள்பக்கத் துணியின் கிழிசலிலேயே வளையல் கிடைத்ததே, அது எங்கே? அவள் நம் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அது எங்கே?

போன செவ்வாய்க்கிழமை, வீடுகளை வாடகைக்கு விடுகிற ரேவதி அக்கா கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மூன்று வீட்டுச் சாவியும் பத்து வருடமாக என்னிடம்தான் இருந்தது. கொஞ்ச நாளைக்குத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசைமேல் உன் புத்தகம் இருந்தது. சாவியை வைத்துவிட்டு வந்தேன். கல்லூரியில் ஒருத்தி கவிநிலாவிடம், உங்கள் அம்மா எடுத்தாரா இல்லையா என்று கேட்டாளாம். இன்னொருத்தி, ரெண்டாம் பாகம் வந்தால்தான் தெரியும் என்று சிரித்தாளாம். அன்றைக்கு என் மகள் சாப்பிடவில்லை.

உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தொடர் நாவல் என்றால் முதல் பாகம் கேள்வியோடுதான் நிற்க வேண்டும், அப்போதுதான் வாசகர் காத்திருப்பார் என்று பதில் போட்டாய். காத்திருக்கட்டுமே. பூங்கொடி யாரைக் கட்டிக்கொள்கிறாள், அவர்கள் நிலம் என்ன ஆகிறது, அதற்கெல்லாம் பத்து பாகம் காத்திருக்கட்டும். திருடியா இல்லையா என்பதற்கா காக்க வைப்பது? கிரிவலம் போகிறவர்கள் ஒவ்வொரு லிங்கத்திலும் கற்பூரம் காட்டிக் கும்பிட்டு முடித்துத்தான் அடுத்ததற்கு நடக்கிறார்கள். பாதியில் வீடு திரும்புகிறவனும் ஒரு சாமியை முழுசாகக் கும்பிட்டிருப்பான். உன் புத்தகத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்ததையும் வாங்குவார்கள்? மற்றவர்களுக்கு நான் காலத்துக்கும் ஜீப்பில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று நீ அனுப்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ஸ்டேஷனில் அப்புறம் என்ன நடந்தது, ரெண்டாம் பாகத்துக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டு வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாய். அந்த ஜீப் வந்த அன்று நீ சென்னையில் வேலைக்குச் சேர வேண்டிய நாள். பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "எடுத்திருந்தா குடுத்துடு மணி" என்று மெதுவாகச் சொன்னாய். அப்புறம் பஸ் ஏறிவிட்டாய். நீ பார்த்தது அவ்வளவுதான். கதையும் அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று நாளும் காலையில் வரச் சொல்லிச் சாயந்திரம் வரை என்னை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உன் மச்சான் வேணு வேலைக்குப் போகாமல் எதிரில் டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். எடுத்தாயா என்று அவர் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. இதையும் எழுதிக்கொள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகிறதாமே. இரண்டு பக்கம் சேர்த்துப் போடு. வளையல் முதல் பாகத்திலேயே கிடைக்கட்டும்.

உன் எழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, அது கழிந்து ஒருநாள் வா. நோட்டு, பேனா எதுவும் எடுத்து வராதே. வந்து என் எதிரே உட்கார், அண்ணா.

உன் தங்கை,
மணிமொழி