வலப்பக்கத்திலிருந்து தொடங்கு

ஜூலை 12, இரவு

அன்புக் குமிழிக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் தங்கைக்குக்கூட. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜப்பான்காரர்கள்போல் வலமிருந்து இடமாகப் போகிற நம் மாங்கா காமிக்ஸின் அடுத்த பக்கங்கள் இதோ. நம் நாயகன் மேகவாளன் கல்பூதத்தோடு மோதுகிறான். நீ ஊர் மாறிப் போனாலும் வழக்கம் மாறவில்லை: சண்டை என்னுடையது, பேச்சுக் குமிழிகளைக் காலியாக விட்டிருக்கிறேன், வசனம் உன்னுடையது.

மேகவாளன் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய். என் அண்ணன்தான். விபத்தில் அவன் போன பிறகு அம்மா அவன் போட்டோக்களையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறாள். இதைப் பார்த்தால் கிழித்துவிடுவாள். எனக்கோ அவன் முகம் மறந்துகொண்டே வருகிறது. மூக்கை வரைந்து வரைந்து அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது.

பயத்துடன்,
மசி

ஜூலை 20

அடி மசி,

ஒரு சண்டைக்கு எத்தனை பூதம்டி? கல்பூதம் விழுந்தால் பனிப்பூதம், அது விழுந்தால் அதன் சித்தப்பா! “யாராவது கொஞ்சம் உட்கார விடுங்கப்பா” என்று ஒரு குமிழியில் எழுதிவிட்டேன். கோபிக்காதே.

பூதங்கள் வருகிற மேகக் கதவை மூடிவிட்டு மேகவாளன் விழ வேண்டும். அண்ணன் இருந்தபோதே நாம் வைத்த முடிவு அது. நீ ஏன் இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் களைத்திருப்பான், மசி. இனிமேல் பூதம் அனுப்பினால் நான் வசனம் எழுத மாட்டேன்.

உன்,
குமிழி

ஆகஸ்ட் 3, இரவு

குமிழி,

வரைந்துவிட்டேன். முதல் பக்கத்தில் வாளை ஓங்கி நிற்கிறவன், காயப்பட்டு, வாளை நழுவவிட்டு, கடைசிப் பக்கத்தில் மேகத்தின்மேல் கிடக்கிறான். தைத்த தாள்களின் மேலேயே தூங்கிப்போனேன். கனவில் நம் வீட்டு மாடிப்படியெல்லாம் மேகமாக இருந்தது. அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

கண் விழித்தால் தாள்களைக் காணோம். சமையலறையில் அம்மா அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

மாங்காவை வலமிருந்து படிக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நம் பாடப்புத்தகம்போல் இடமிருந்து புரட்டியிருக்கிறாள். குமிழிகளும் காலி; தடுக்க ஒரு வார்த்தையும் இல்லை.

“முதல்ல கீழ கிடக்கிறான். அப்புறம் காயமெல்லாம் ஆறுது, கத்தி கைக்கு வருது, எழுந்து நிக்கிறான்” என்றாள். பிறகு, “மூக்குதான் தப்பு. அவனுக்கு இங்க லேசா வளைஞ்சிருக்கும்” என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் படித்தது தலைகீழ் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசிச் சண்டைக்கு வசனம் நீதான் எழுத வேண்டும். விழுகிறவனும் சொல்லலாம், எழுகிறவனும் சொல்லலாம் என்பதுபோல் எழுது. அம்மா மறுபடி படிப்பாள்.

கதவைத் தட்டுகிறாள். கூடவே பெட்டிச் சாவி குலுங்குகிற சத்தம்