காற்றாலை சுற்றாத பதினோரு நாள்

வாலஸ் கவுண்டி, மேற்கு கான்சஸ்
ஜூலை 20, 1983, புதன்கிழமை

அன்பு மகள் கார்லீனுக்கு,

நீயும் மாப்பிள்ளை வார்டும் அலாஸ்காவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் இந்த மாதம் எதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது எல்லாம் சரிதான், அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், பயப்படாதே, முழுவதும் படித்துவிட்டுப் பயப்படு. போனில் சொல்ல முடியாது, போன் இருக்கிற அறையிலேயேதான் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். உன் போன கடிதத்தில் அங்கே மூன்று வாரமாக மழை விடவில்லை, துணி காயவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல, பெற்ற பிள்ளை ஆயிற்றே என்று பேசாமல் மடித்து வைத்தேன்.

இங்கே ஜூலை நாலாம் தேதி காற்று நின்றது. வெயில் நமக்குப் புதிதில்லை, நூற்றெட்டு டிகிரியையும் பார்த்தவர்கள்தான். ஆனால் இந்த ஊரில் காற்று நின்று நான் பார்த்ததில்லை. கொடியில் போட்ட துணி பலகை மாதிரி தொங்கியது. ஒன்பது மைல் தள்ளி நம் வடக்கு மேய்ச்சல் நிலத்தில் நாற்பத்திரண்டு மாடுகளும் அவற்றின் கன்றுகளும் நின்றன, அவற்றின் தண்ணீர் முழுவதும் கிணற்றிலிருந்து இறைக்கிற அந்தக் காற்றாலையை நம்பித்தான். காற்று இல்லை, காற்றாலை சுற்றவில்லை, தொட்டியில் அடிமண் தெரிந்தது. மாடுகளை வீட்டுப் பக்கம் ஓட்டி வரலாம் என்றால் இங்கே புல் ஏது. அப்பா லாரியில் ஐந்நூறு கேலன் தொட்டியை ஏற்றி, வீட்டுக் கிணற்றிலிருந்து நிரப்பி, தினமும் இரண்டு நடை, சில நாள் மூன்று நடை கொண்டுபோய் ஊற்ற ஆரம்பித்தார். அறுபத்தாறு வயதில்.

அந்த வடக்கு நிலத்தை ஒட்டிய நிலத்து ஆர்லன் மூன்றாம் நாளே வந்து வாசலில் நின்று, "ஆல்பின், என்கிட்ட ஒரு பெட்ரோல் மோட்டார் சும்மா கிடக்கு. கொண்டுவந்து மாட்டுறேன், காத்து வர்ற வரைக்கும் ஓடட்டும்," என்றான். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. "அறுபத்தாறு வருஷமா இந்தக் காத்து என் தொப்பியப் பறிச்சிக்கிட்டு ஓடியிருக்கு. தேவைப்படும்போது மட்டும் வராமப் போயிடுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வானொலி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வானிலை வரும், மாலையில் இடியுடன் மழைக்கு இருபது சதவீத வாய்ப்பு என்பார்கள். மறுநாளும் இருபது. அதற்கு மறுநாளும் இருபது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, கூட்டினார். "லியோனா, ஒரு நாளைக்கு இருபதுன்னா அஞ்சு நாள்ல நூறு ஆச்சு. வெள்ளிக்கிழமை வந்தே தீரணும்," என்றார். அது அப்படிக் கூட்டுகிற கணக்கில்லை என்று நான் சொன்னதற்கு, நீ எப்போதிலிருந்து வாத்தியாரம்மா ஆனாய் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பியது, இவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், அது அப்படியே கொலராடோ பக்கமே கரைந்துபோனது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, பதினோராம் நாள். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு இரண்டாம் நடைக்குக் கிளம்பினார். முகம் சரியில்லை, சாயங்காலம் போகலாம் என்றேன். "மாட்டுக்குத் தாகம் சாயங்காலமா எடுக்கும்?" என்றார். ஒரு மணிக்குப் போனவர் மூன்று மணிக்கும் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். லாரி தொட்டிப் பக்கத்தில் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு வேர்வை இல்லை, தோல் அடுப்பில் வைத்த இரும்புச் சட்டி மாதிரி சுட்டது. என்னைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்து, குளிருது," என்றார். கார்லீன், நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை.

லாரியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்து தலையிலிருந்து கால்வரை அவர்மேல் விட்டேன். தண்ணீர் சத்தம் கேட்டு அத்தனை மாடுகளும் வந்துவிட்டன. அவரைச் சுற்றி முட்டிக்கொண்டு, அவர் காலடிச் சேற்றையும் சட்டையையும் நக்கின. ஒரு கையில் குழாய், இன்னொரு கையில் அவர் தொப்பி, தொப்பியால் மாடுகளின் மூஞ்சியில் அடித்து அடித்துத் துரத்தினேன். அவற்றுக்காகக் கொண்டுவந்த தண்ணீர்தானே, அவற்றுக்கு என்ன தெரியும். "எந்திரிடா ஆல்பின், எந்திரிடா!" என்று கத்தினேன், அப்படி அவரை நான் கூப்பிட்டதே இல்லை. பிறகு லாரிக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அரை மைலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஆர்லனுக்கு அது கேட்டது. வந்தான், அவரைத் தூக்கிக் காரில் போட்டான். "நீங்க போங்க அக்கா, மாட்ட நான் பாத்துக்கிறேன்," என்றான்.

அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மகாராஜா மழை வந்தது. மழை என்று சொல்லக் கூடாது. ஏழு நிமிஷம் காற்று, கொஞ்சம் ஆலங்கட்டி, தரையில் புழுதியைப் புள்ளி போடுகிற அளவுக்குத் தூறல், அவ்வளவுதான். பதினோரு நாள் எட்டிப் பார்க்காத காற்று ஒரே மூச்சில் வந்து காற்றாலையைச் சாய்த்துவிட்டது, கோபுரத்தோடு. அது தொட்டியின் குறுக்கே விழுந்து, கிணற்றுக் குழாயையும் வளைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஆர்லனின் மோட்டாரை மாட்டினாலும் பயனில்லை. மறுநாள் காலை அவன் தன் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறான். எத்தனை நாள் ஊற்றுவான், அவனுக்கும் மாடு இருக்கிறது. டாக்டர் அப்பாவின் இதயத்தைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் வெயிலில் ஒரு மணி நேரம்கூட வேலை கூடாது, அடுத்த வருஷத்தையும் நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

அதனால் நான் விற்றுவிட்டேன். மாட்டுச் சந்தைக்காரருக்கு ஆஸ்பத்திரி போனிலிருந்தே பேசினேன், சனிக்கிழமை லாரிகள் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயின, கன்றுகளையும். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு மறுபடி கூட்டல் போடுவார். ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "நாப்பத்திரண்டுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது, திட்டியாவது தொலைக்கக் கூடாதா. நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் ராத்திரி படுத்தால் அந்த மாடுகள் சட்டையை நக்கியதுதான் கண்ணில் நிற்கிறது.

நேற்று சாயங்காலம் தானாகவே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். எங்கே என்று கேட்காமல் வடக்கு நிலத்துக்கே ஓட்டினேன். லாரிக்காரர்கள் கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார்கள், நான் அதன் வழியாக உள்ளே போய், விழுந்த காற்றாலைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. திரும்பி வரும்போது கேட்டைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மெதுவாக இறங்கி நடந்துபோய், கம்பிக் கேட்டை இழுத்து, வளையத்தை மாட்டி, பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே ஒரு கன்றுகூட இல்லை. வீடுவரை, என் கை கியரில் இருந்தபோதெல்லாம் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

நீ விழுந்தடித்துக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். ஞாயிறு போன் செய், அவரே எடுப்பார். மாட்டைப் பற்றிக் கேட்காதே, வெயிலைப் பற்றியும் கேட்காதே, நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. வார்டைப் படகில் போகும்போது மிதவைச் சட்டை போடச் சொல், வேண்டாம் என்று சிரித்தால் விடாதே, நீயே மாட்டிவிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா
லியோனா