ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு

அக்டோபர் 14, திங்கள்

அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை நகராட்சி இன்னும் திறக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து தட்டச்சு செய்கிறோம். கிர்கிஸ்தானுக்கே தலைநகர், ஆனாலும் பிஷ்கெக்கில் எல்லா அக்டோபரும் இப்படித்தான்.

ஷெய்ஷென் அண்ணன் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். நரின் மாகாணத்தில் கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்று ஆராய வேண்டும். அறிக்கை நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் போகும். "படம் நிறைய போடு உல்ஜான். அவங்க எழுத்தைப் படிக்கிறதில்ல" என்றார். பதினோரு வருடமாக அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். இப்படிச் சொல்லும்போது அவர் கேலி செய்கிறாரா, அலுத்துக்கொள்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

அக்டோபர் 18

கோபம் வருகிறது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் இல்லங்களுக்கான பணம் ஒரு துறையில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான மாத உதவி இன்னொன்றில். பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பத்தில் விடுவதற்கான பணம் மூன்றாவதில். மூன்று துறையிலும் பேசினேன். "எங்க பங்கு ரொம்பக் கம்மிங்க" என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மூன்றையும் ஒரே தாளில் வைத்துக் கூட்டிப் பார்க்க இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

நான் கூட்டினேன். நூறு சோம் செலவானால் அதில் எழுபத்தெட்டு சோம் இல்லங்களுக்கு. அங்கே இருப்பதோ உதவி தேவைப்படும் பிள்ளைகளில் ஒரு கைப்பிடி. அந்த எழுபத்தெட்டிலும் சம்பளம், நிலக்கரி, கூரை, காவல் எல்லாம் போக, பிள்ளையின் வாய்க்கும் உடம்புக்கும் போய்ச் சேர்வது ஐந்தில் ஒரு பங்கு.

மூன்று முறை சரிபார்த்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

அக்டோபர் 23, புதன்

சாரி-புலுங். நரின் மலைகளுக்குள் ஒரு ஊர்; கணவாயில் பனி, வண்டி ஊர்ந்துதான் வந்தது. பிள்ளைகள் இல்லத்தின் தலைவி ரஸியா அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறாராம். எல்லா அறையும் காட்டினார். சுத்தமாகத்தான் இருக்கிறது. புதுத் திரைச்சீலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"இங்க எத்தனை பேரு அனாதை?"

"முழு அனாதையா? நாலு பேரு."

அறுபத்திரண்டு பிள்ளைகளில் நாலு. மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ, இரண்டு பேருமோ உயிரோடு இருக்கிறார்கள். சிலருடைய வீடு இங்கிருந்து நடக்கிற தூரம்.

மதியம் சமையலறைக்குப் போனேன்; பிள்ளைகள் சாப்பிட்ட தட்டோடு தொட்டிக்கு முன்னால் காலைச் சேர்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு பெண் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. ஆறு வயதுச் சின்னப்பெண் ஒருத்தி ஓடி வந்து அவள் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு, "அனிபா அக்கா, இன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்ல நீ" என்றாள். அந்தப் பெண் கையெல்லாம் ஈரம் என்பதால் முழங்கையால் அவள் தலையை வருடினாள்.

"உங்க மேல ரொம்பப் பிரியமோ?" என்று கேட்டேன்.

"என் பொண்ணுதாங்க. துமார். பெரியவ உம்சுனையும் இங்கதான் இருக்கா."

"அப்புறம் ஏன் அக்கான்னு கூப்பிடுது?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "வேலை நேரத்துல அம்மான்னு கூப்பிடக் கூடாது. மத்த பிள்ளைங்க ஏங்கிடும்ல."

எழுத முடியவில்லை. நாளை.

அக்டோபர் 24

அனிபாவின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, வீட்டைச் சூடாக்க நல்ல நிலக்கரி அடுப்பு, அதில் நெருப்பு இல்லை. மின்கெட்டிலில் போட்டுப் பால் விட்ட தேநீரும் பொரித்த ரொட்டித் துண்டுகளும் வைத்தாள்.

புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு ஃபோன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அனிபா மாத உதவி கேட்டு மனுப் போட்டாள். தள்ளுபடி. காரணம், அவளிடம் ஒரு மாடு இருந்தது. மாட்டின் பாலை வருமானமாகப் போட்டுவிட்டார்கள்.

"பால் வத்திப்போச்சுன்னு சொன்னேன் அக்கா. மாடு மாடுதான்னாங்க. சரின்னு மாட்டை வித்து நிலக்கரி வாங்கிட்டு மறுபடி போனேன். மாடு வித்த பணம் வருமானம்னாங்க!"

சிரித்தாள். 

அந்த நிலக்கரியும் தீர்ந்த குளிரில் துமார் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சூடில்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது, இல்லத்தில் விடு என்றார்கள். இரண்டு பேரையும் விட்டாள். சமையலறையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவளுடைய ஒரு பிள்ளைக்கு இல்லத்தில் அரசு மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? ஒரு மாதச் செலவை அவள் கையில் கொடுத்திருந்தால் குளிர்காலம் முழுக்க நிலக்கரி வாங்கியிருப்பாள்.

"அவ்வளவா?" என்றாள். "அப்ப என் பொண்ணு ஏன் ஓட்டை ஷூ போட்டுட்டுத் திரியுறா?"

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் எழுதாதீங்க அக்கா. கோவத்துல இல்லத்தை மூடிட்டா என் பிள்ளைங்க எங்க போய்ச் சாப்பிடும்? நான் எங்க போவேன்?"

அக்டோபர் 27

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். என் புருஷன் மிர்லான் பல் கட்டுகிறவன். "இப்படியே கடி. குடும்பத்துக்குள்ளயே எனக்கு ஒரு வாடிக்கை ஆச்சு" என்கிறான்.

நவம்பர் 5, செவ்வாய்

ஷெய்ஷென் அண்ணன் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். அந்த ஒரு பக்கத்தை மட்டும். இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவையும், அதே பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பக்கம். மற்ற நாற்பது பக்கமும் அந்த ஒன்றுக்காகத்தான் எழுதப்பட்டது!

"ஏண்ணே?"

"அந்த இல்லத்துல முப்பத்தெட்டுப் பேரு வேலை பாக்குறாங்க. அந்த ஊர்ல வேற என்ன இருக்கு? காத்து. நீ இந்தப் பக்கத்தை வெச்சா முதல் வேலையா கட்டடத்தை மூடுவாங்க. மிச்சமான காசைக் குடும்பங்களுக்கா குடுப்பாங்கன்னு நினைக்கிற? எனக்குத் தெரியும், எங்க போகும்னு."

"அதுக்காகப் பொய் சொல்லலாமா?"

"பொய் சொல்லல. ஒரு பக்கம் சொல்லல. நீ ஆய்வாளர் உல்ஜான், ஆண்டவர் இல்ல."

கத்திவிட்டேன். கதவு திறந்தே இருந்தது. தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். பெத்தவளை அக்கான்னு கூப்பிட வெச்சதுக்கு அரசு சம்பளம், அதுக்கு ஒரு காவல்காரன், அவனுக்கு ஒரு ஓய்வூதியம்! இதைச் சொன்னா நான் ஆண்டவர்னு நினைச்சுக்கிட்டேனாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நவம்பர் 8

விடுமுறை. ரஸியா அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். யோசனையைச் சொன்னேன். கட்டடம் இருக்கட்டும், ஆட்களும் இருக்கட்டும். பிள்ளைகள் பகலில் வந்து சாப்பிட்டு, படித்து, குளித்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகட்டும். இரவு வேலைக்காரர்களையும் பகலுக்கு மாற்றலாம். மிச்சமாகும் பணத்தில் வீட்டுக்கு நிலக்கரி, மாத உதவி.

கோபப்படுவார் என்று நினைத்தேன். 

"விளக்கை அணைச்சதும் பிள்ளைங்க அழ ஆரம்பிக்கும் பாரு, அதை முப்பது வருஷமாக் கேக்குறேன். இந்த வேலையில மத்த எல்லாம் பழகிப்போச்சு, அது மட்டும் பழகல. எழுதும்மா. ஆனா மூடுன்னு ஒரு எழுத்து இருந்துச்சுன்னா நானே பிஷ்கெக் வந்து உன் முடியைப் பிடிச்சு ஆட்டுவேன்."

எழுதினேன். மாலையே அனுப்பினேன், ஷெய்ஷென் அண்ணன் ஃபோனிலேயே அதையும் எடுத்துவிட்டார். "குழு கேட்டது ஆய்வு. ஆலோசனை இல்ல."

நவம்பர் 19, செவ்வாய்

குழுவின் முன் போனோம். அண்ணன் படங்களைக் காட்டினார். நீலக் கோடு, ஆரஞ்சுக் கோடு. ஒரு உறுப்பினர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வயதான ஒருவர், "மொத்தத்துல பிள்ளைங்களுக்கு நாம நிறையத்தானே செலவு பண்றோம்?" என்று கேட்டார். நல்ல மனதோடு, கேட்டுவிட்டு எழுந்து போகலாம் என்கிற மாதிரி.

அண்ணன் "ஆமாங்க" என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்ததே எனக்குத் தெரியாது. "பிள்ளைங்களுக்கு இல்லைங்க, கட்டடத்துக்குச் செலவு பண்றோம்" என்றேன். அறிக்கையில் இல்லாத பக்கத்தையும் ஆலோசனையையும் மனப்பாடமாகச் சொன்னேன். பெயர் சொல்லாமல், பாத்திரம் கழுவும் தாயைப் பற்றியும் சொன்னேன்.

ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "இது கணக்கா, கதையா?"

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. இந்தக் கதையை யாரும் கேக்காததாலதான் கணக்கு இப்படி வந்திருக்கு."

வயதானவர் அந்தப் பக்கத்தை எழுத்தில் கேட்டார். ஆலோசனையையும் சேர்த்து.

திரும்பி வரும்போது காரில் அண்ணன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

டிசம்பர் 6

அனிபாவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் இல்லத்தில் சொந்தக்காரர்கள் வேலை பார்க்கக் கூடாதென்று மேலேயிருந்து உத்தரவு. நான் பேசியதைக் கேட்டுவிட்டு இவர்கள் சரிசெய்தது இதைத்தான்! தாய் மகளைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாளா, அசிங்கம், அவளைத் துரத்து. பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு ஆளுக்கும் தோணலையா? இவனுங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இருக்கா, இல்லையா?

அனிபா ஃபோனில் அழவில்லை, திட்டினாள். "எழுதாதீங்கன்னு சொன்னேன்ல! உங்க காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன்ல! இப்ப பார்க்கக் கூட விடமாட்டாங்க. வாரத்துக்கு ஒரு நாளாம். உங்க அறிக்கையை நீங்களே வெச்சுக் கும்பிடுங்க."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நேரே அண்ணன் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. அனிபாவுக்கு நடந்ததைச் சொன்னேன். இந்த முறை கத்தவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம். "குழு உன் ஆலோசனையை ஏத்துக்கிச்சு. முழுசா இல்ல. முதல்ல பத்துக் குடும்பம், பாத்துட்டு அப்புறம்னு சொல்றாங்க."

"பத்தா? அறுபத்திரண்டு பிள்ளைங்க இருக்கு!"

"பத்து" என்றார். பிறகு ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். சாரி-புலுங், சமையலறை, இரண்டு பெண் பிள்ளைகள், இதை மட்டும் சொன்னார். வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத. ஜனவரியிலிருந்து நீ சாலைப் பிரிவு" என்றார்.

தண்டனையா, பாதுகாப்பா? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜனவரி 23

சாலைப் பிரிவில் தார் விலை படிக்கிறேன். தாரைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. பள்ளம் இருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ரஸியா அம்மா பேசினார். பத்துக் குடும்பத்தில் அனிபாவின் குடும்பம் இருக்கிறது. மாட்டுக் கணக்கு விதி அப்படியேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை. அவளிடம் இப்போது மாடு இல்லை, விற்ற பணமும் தீர்ந்துவிட்டது, ஆகவே தகுதி உண்டு. முழுசாக ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் நம் அரசின் கண்ணுக்குத் தெரிகிறாள்.

"அவளை மறுபடி சமையலறைக்கு எடுத்துட்டேன். பிள்ளைங்க இப்ப பகல் பிள்ளைங்கதானே, உத்தரவு அவங்களுக்கு இல்லைன்னு படிச்சுக்கிட்டேன். யாராவது கேட்டா எனக்கு வயசாயிடுச்சு, எழுத்து சரியாத் தெரியலன்னு சொல்லிக்கிறேன்."

மார்ச் 3

அனிபாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. நிலக்கரி வந்துவிட்டதாம், ஈரமாக இருக்கிறதாம், புகைகிறதாம், யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று கேட்கிறாள். திட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புகார் எங்கே செய்ய வேண்டும் என்று மூன்று இடத்தில் கேட்டுச் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

கணவாய்ச் சாலைப் பழுதுபார்ப்பைப் பார்க்க வந்தேன். அப்படியே சாரி-புலுங். அனிபா தன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தாள். உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும். உம்சுனை வாய் ஓயாமல் பேசினாள். மிச்சமுள்ள பிள்ளைகளைப் பற்றி ரஸியா அம்மா காலையில் சொன்னதை நான் அங்கே எடுக்கவில்லை. அடுத்த பத்துக் குடும்பத்துக்கு இந்த வருடம் பணம் இல்லையாம். கணவாய்க்குத் தார் போடப் பணம் இருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டேன்.

துமார் சாப்பிட்டு முடித்தாள். தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, கழுவும் தொட்டிக்குக் கொஞ்சம் முன்னால் போய், காலைச் சேர்த்து நேராக நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"வீட்டுக்கு வந்து மாசம் எத்தனை ஆச்சு, தினமும் இப்படித்தான் அக்கா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்ன அனிபா, அவள் பக்கம் திரும்பினாள். "யாருக்குப் பின்னாடிடீ நிக்கிற?"

துமார் முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் நகரவில்லை.

அனிபா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் நின்றாள். உம்சுனை சிரித்துக்கொண்டே துமாருக்குப் பின்னால் போனாள்.

நானும் என் தட்டோடு எழுந்து கடைசியில் போய் நின்றேன்.