மூன்றாம் நம்பர் டேங்கின் நாலு சென்டிமீட்டர்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் இங்கே சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் பேசினால் நான் பேச்சை எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்பது உனக்கே தெரியும், அதனால்தான் பேனா. சித்தியின் முழங்கால் வலி தேவலை. நீ அனுப்பிய மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனதில் ஆபீஸில் பாதிப் பேர் யாரோ புது இன்ஜினியர் என்று எழுந்து நின்றார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய் சேரும் நம் மூன்றாம் நம்பர் டேங்கில், நீ அனுப்பிய ரேடார் கருவியைப் போன மாதம் மாட்டினார்கள் இல்லையா, மேலேயிருந்து அலையை விட்டு அது எண்ணெயில் பட்டுத் திரும்புவதை வைத்து மட்டம் சொல்லுமே, அந்த எண் அங்கே உன் ஆபீஸ் திரையில் விழுகிறது. இங்கே நான் இருபத்தாறு வருஷமாகச் செய்வதைத்தான் செய்கிறேன், காலையில் படியேறி, மூடியைத் திறந்து, குண்டு கட்டிய டேப்பை அடித்தகடு தொடும்வரை இறக்கி, இழுத்து, எண்ணெய் நனைத்த கோட்டைப் படிப்பேன். முதல் நாளே உன் திரை என் டேப்பைவிட நாலு சென்டிமீட்டர் கூடச் சொல்லிற்று. நான் விடுவேனா. புயல்காற்றில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஐம்பது பேர் வாய் பிளந்து பார்க்க, டேப்பைத் தூக்கிக் காட்டி, மெஷின் தடுமாறும், என் கை தடுமாறாது என்றேன். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்று வாரம் மிதப்பாகத்தான் திரிந்தேன். நீங்க ஜெயிச்சா தோக்கறது யாருன்னு யோசிச்சீங்களா என்று சித்தி கேட்டாள், அது என் காதில் ஏறவில்லை.

கருவி தப்பு என்று மேனேஜர் உன் மேலதிகாரிக்கு எழுதியதும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "சித்தப்பா, வித்தியாசம் எல்லா நாளும் அதே நாலுதானா, இல்ல கூடிக் குறையுதா?" டேங்க் நிரம்பினாலும் வடிந்தாலும் அதே நாலு என்று பெருமையாகச் சொன்னேன். சரி சித்தப்பா என்று வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் உன் கேள்வியை நான் யோசித்துப் பார்த்தேன். கெட்டுப்போன கருவி ஒரு நாள் ஒன்று சொல்லும், மறுநாள் வேறு சொல்லும். என்றைக்கும் அதே நாலு என்றால், எந்த உயரத்திலிருந்து கழித்துக் கருவி மட்டம் சொல்கிறதோ, ஆரம்பத்தில் கொடுத்த அந்த அளவில்தான் கோளாறு. மாட்டுவதற்கு முன்னால், கருவி உட்காரும் விளிம்பிலிருந்து அடித்தகடு வரை எவ்வளவு உயரம், ஏறி அளந்து சொல்லுங்க என்று நீ கேட்டாய், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஒன்பது மீட்டர் எண்பத்து நாலு என்றவன் நான். போன வருஷம் டேங்கைக் காலி செய்து, உச்சியில் கருவி உட்காரும், துருப்பிடித்திருந்த வாய்க்குழாயை வெல்டர் அறுத்துக் குட்டையாக்கியபோது, பக்கத்தில் நின்று நேரா அறுய்யா என்று அதட்டியவனும் நானே. நேற்று மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஏறி, கருவியைக் கழற்றி வைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒன்பது மீட்டர் எண்பது.

மேனேஜரிடம் சொன்னேன். சின்ன விஷயம், வாய்வார்த்தையாகச் சரிசெய்துவிடலாம், உங்கள் பெயர் எதற்குக் கெட வேண்டும் என்றார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து, உயரத்தை அளக்காமல் ஞாபகத்திலிருந்து சொன்னவன் நான், கருவியை அமைத்தவர் மேல் தவறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரையும் கீழே போட வைத்தேன். அந்தப் பக்கத்தின் படம் நேற்றே உன் மேலதிகாரிக்குப் போய்விட்டது.

அதே நாலு என்றபோதே உனக்குப் புரிந்திருக்கும், கண்ணு. சித்தப்பா கொடுத்த அளவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தலை தப்பியிருக்கும். சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனையைக் காட்டிக்கொடுத்தவள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இனிமேல் அப்படி என்னைக் காப்பாற்றாதே. யார் அளவு சொன்னாலும், நானே சொன்னாலும், டேப்பைப் படம் எடுத்து அனுப்பு என்று கேள். ஐம்பது பேர் என்று மேலே எழுதினேனே, இரண்டு பேர்தான், அதில் ஒருவர் தோட்டக்காரர். புயலும் இல்லை, சட்டைக் காலர் ஆடுகிற காற்று. எழுந்து நின்றவர்கள் பாதிப் பேர் இல்லை, ஒருத்தர், அவரும் தண்ணீர் குடிக்க எழுந்தவர். முதுகில் தட்டியது மட்டும் நிஜம்.

அண்ணன் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார், உன்னைத் தோளில் தூக்கியிருப்பார். நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்கிறாள் சித்தி, மறக்காதே.

மெக்கானிக் புது அளவைக் கருவியில் போட்டுவிட்டார். இன்று காலை ரிஜிஸ்டரில், டேப் என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேரே நாலு மீட்டர் பன்னிரண்டு, திரை என்ற கட்டத்தில் உன் பெயருக்கு நேரே அதே நாலு மீட்டர் பன்னிரண்டு. மேனேஜர் பார்த்துவிட்டுப் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.

உன் சித்தப்பா