பை வைத்த காக்கி

கிரீன்ஸ்பரோ, வடக்குக் கரோலினா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெஸ்லி அண்ணனுக்கு,

ரோலண்ட் எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்தால்தானே தெரியும்.

இன்னும் பன்னிரண்டு நாளில், வெள்ளிக்கிழமை, மகள் ஜூனி உன்னோடு இருப்பாளா, அவள் அம்மாவைப் பெற்றவர்களோடு போவாளா என்று தீர்ப்பாகிவிடும். உன் வக்கீல் பெட்ரா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "கறுப்பு சூட் போட்டு வந்தா சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், ஜீன்ஸ் போட்டா அக்கறையே இல்லாத மாதிரி இருக்கும். எங்க ஊர் ஜட்ஜுக்குக் காக்கிப் பேண்ட்டும் நீலக் கோட்டும்தான் புடிக்கும். உங்க அண்ணன்கிட்ட சொன்னா மூஞ்சிய திருப்பிக்கிறாரு, நீங்களாவது சொல்லுங்க" என்றார். கோட்டை அக்கா டெல்லா பார்த்துக்கொள்கிறாள். காக்கிக் கால்சட்டை இந்தப் பெட்டியில் இருக்கிறது.

துணி சோதிப்பதுதான் என் வேலை, அதனால் சொல்வதைக் கேள். முழுப் பருத்தி, கனமான சாய்வரி நெசவு. ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார், வெளிச்சம் கசியாது. குறுக்கே இழு, ரப்பர் போலத் துள்ளாது. துள்ளுகிற துணி ஆறு மாதத்தில் முட்டியில் தொங்கிப்போகும். 'சுருங்காது, கசங்காது' என்று சீட்டு ஒட்டியதைத் தொடாதே. அது நூலுக்குப் பூசிய பசை, மடிப்பு விழும் இடத்தில் முதலில் வெடிக்கும். நல்ல பருத்தி கசங்கும். கசங்கட்டும், இஸ்திரிப் பெட்டி எதற்கு இருக்கிறது?

கால் விளிம்பை மடித்துத் தைக்காமல் அனுப்பியிருக்கிறேன். முதலில் வெந்நீரில் அலசி, காயவைத்து, பிறகு மடித்துத் தை. அவசரப்பட்டு முதலிலேயே தைத்துவிட்டால் ஒரே சலவையில் சுருங்கி, ஜட்ஜ் முன்னால் கணுக்கால் தெரிய நிற்பாய்.

இன்னொன்று. நீ அக்கா வீட்டு சோபாவில் படுக்கிறாய், குழந்தைக்கென்று ஓர் அறை இல்லை என்பதைத்தான் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும் என்கிறார் பெட்ரா. அதற்கு என்ன வழி என்று யோசி. என் மாடி அறையில் வேலைக்கூடத்துத் துணிச்சுருள்கள் கூரைவரை அடைந்து கிடக்கின்றன, இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்.

எல்லாம் நல்லபடி முடியட்டும்.

இப்படிக்கு,
தம்பி ரோலண்ட்


கிரீன்ஸ்பரோ
புதன்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

திங்களன்று பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்தது. மேலே உன் கையெழுத்தில் 'வேண்டாம்'. பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மகளே கையை விட்டுப் போகப் போகிறாள், இவனுக்குக் கால்சட்டையில் வீம்பு என்று டெல்லாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவள் என்னை முழுசாகக் கத்த விட்டாள். பிறகு, "முடிச்சிட்டியாடா? ரெண்டு வருஷம் ஜெயிலுக்குள்ள அவனுக்கு என்ன மாட்டி விட்டிருந்தாங்க? மேலயும் காக்கி, கீழயும் காக்கி. பெட்டி மேல 'காக்கி'ன்னு நீ எழுதினதைப் பாத்ததுமே அவன் அதைத் தள்ளி வச்சுட்டான். துணிய மைக்ராஸ்கோப்ல பாக்குற, அண்ணனப் பாக்க மாட்டியா, மர மண்ட!" என்றாள்.

 அங்கே உன்னைப் பார்க்க நான் ஒரு தடவைதான் வந்தேன். அன்றும் தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த உன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த உடுப்பு எப்படி இருந்தது என்று டெல்லாவிடம் கேட்டேன். "இந்த நேரத்துல இதையாடா கேப்ப?" என்று திட்டிக்கொண்டே சொன்னாள். பாலியெஸ்டர் கலந்தது. இடுப்பில் எலாஸ்டிக். பெல்ட் வளையம் இல்லை. பை இல்லை. 'கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல டெல்லா' என்று ஒரு நாள் நீ அவளிடம் சொன்னாயாம்.

அண்ணா, ஜட்ஜுக்காகப் போடு என்று இனி சொல்ல மாட்டேன். சாம்பல் நிறத்திலும் ஒன்று வாங்கி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன், பழைய கடிதமும் உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டால் பெட்ராவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் போடுவதற்கு முன் ஒரு தடவை காக்கியைக் கையில் எடுத்துப் பார். நிறம் மட்டும்தான் அந்த உடுப்போடு ஒன்று. பெல்ட் வளையங்களை இழுத்துப் பார், உன் எடையைத் தாங்கும். அலசி, சுருக்கி, விளிம்பை நானே தைத்துவிட்டேன். அளவு கேட்கத் தேவைப்படவில்லை. சின்ன வயதில் உன் பழையவற்றை இரண்டு விரல் மடித்துத்தானே போட்டுக்கொண்டு திரிந்தேன், இன்று என் அளவோடு அந்த இரண்டு விரலைச் சேர்த்துக்கொண்டேன்.

பைகளைப் பார். பைத்துணியும் கெட்டிப் பருத்தி, மணிக்கட்டுவரை கை போகும். வலது பையில் கையை விடு.

அது என் வாசல் கதவின் சாவி. துணிச்சுருள்களை நேற்று வேலைக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மாடி அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு சின்னக் கட்டில், பக்கத்து அறையில் உனக்கு ஒன்று. விலாசத்தையும் என் சம்மதத்தையும் பெட்ராவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். எங்கே குடியிருப்பாய் என்று ஜட்ஜ் கேட்டால் திணறாதே, அதைத் தொட்டுக்கொண்டு பதில் சொல்.

எந்த நிறத்தைப் போட்டாலும் சாவியை எடுத்துப்போ. நீதிமன்ற வாசலில் காவலர் அதைத் தட்டில் வைக்கச் சொல்வார். பதறாதே. அந்தப் பக்கம் போனதுமே திருப்பித் தந்துவிடுவார்கள், எல்லோருக்கும் அப்படித்தான். மறக்காமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்.

ஜூனிக்கு என் முத்தங்கள். வெள்ளிக்கிழமை மாடி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

உன் தம்பி,
ரோலண்ட்