கிரகணத்தன்று சொறிந்துகொண்டவள்

மயிலாப்பூர். ஐப்பசி, செவ்வாய் இரவு.

தங்கை மகள் சரசுவுக்குக் கர்ப்பம் தங்காது என்று டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நேற்றுக் கலைந்துவிட்டது.

வயிற்றுத் தோல் விரிந்து ஓயாமல் அரித்ததால், கிரகணத்தன்று சொறிந்துகொண்டாளாம். அதனால்தான் போயிற்று என்கிறாள் மாமியார். சரசு சோறு தொடவில்லை. விரல் நகங்களை ரத்தம் வர வெட்டியிருந்தாள்.

"நான்தானே மாமா கொன்னுட்டேன்?"

"அடி அசடே! நான் வயித்துல இருந்தப்போ எங்கம்மா கிரகணம் விடறவரைக்கும் சொறிஞ்சுண்டே இருந்தா. நான் ஆனையாட்டம் நிக்கலையா?"

"ஆனைதான்" என்றாள். ரசஞ்சாதம் இரண்டு கவளம் இறங்கியது. எந்த டாக்டரால் ஆகும் இது?

அம்மா சொறிந்துகொள்ளவில்லை. கிரகணம் விடும்வரை இருட்டறையில் கையை அசைக்காமல் படுத்திருந்ததாகத்தான் சொல்லுவாள்.