தூக்கத்துக்கு ஒரு தனி அறை

மடுல்சீமை
2024 ஜூன் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் நம் மகள் லதுஷாவும் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் போனை அணைத்துவிடுகிறீர்கள்; பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறீர்கள். அதனால்தான் இதை எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் முஹம்மது அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை இருமுகிறாள், தகரத்தில் மழை கொட்டுகிறது, தூக்கமே இல்லை என்று பதுளையில் அறை எடுத்துப் போனீர்கள். ஒரு மாதம் என்றீர்கள். இது மூன்றாவது மாதம். "தூங்குறதுக்குன்னு யாராச்சும் வீட்ட விட்டுட்டுப் போவாங்களா?" என்று பக்கத்து லயத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறை குணமணி வீட்டில் என்றீர்கள். அது பெண் பெயர்தானே?

ஜெயந்தினி

பதுளை
ஜூன் 6

அன்பு ஜெயந்தினி,

குணமணி, பென்சன் எடுக்கும் டீச்சர். போதுமா?

பங்குனியில் பசறை வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் கண் மூடியதை மறந்துவிட்டாயா? பஸ் மண்மேட்டில் முட்டி நின்றது. மறுபக்கம் பள்ளம். பஸ் நிறைய ஆட்கள். அன்றிலிருந்து, சரியாகத் தூங்காமல் பஸ்ஸில் ஏறவே பயமாக இருக்கிறது. 'இன்றைக்காவது தூங்க வேண்டுமே' என்று படுக்கிறேன். நினைத்த உடனே முழிப்பு வந்துவிடுகிறது.

நீ மட்டும் தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறாய். நான் அங்கே இல்லாதது உனக்கு நிம்மதியோ என்னவோ. முஹம்மதுவிடம் என்னைப் பற்றி விசாரித்தாயாம். என்ன கேட்டாய்?

நிஷாந்த்

மடுல்சீமை
ஜூன் 10

அன்புள்ள மச்சானுக்கு,

சனிக்கிழமை கொழுந்து பறிக்கப் போகாமல் பதுளைக்கு வந்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தேன். நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக டீச்சர் கதவைத் திறந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியும் அறையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"வந்து பாரும் பிள்ளை. உம்மட மனுசனோட பெரிய கரைச்சல். நான் தேத்தண்ணி ஆத்திற சத்தத்துக்கும் எழும்பி வந்து கோவிக்கிறார்" என்றார்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காதுக்குப் பஞ்சு. தலையணைக்கு அடியில் மாத்திரை. கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். ஒரு ஹேர்பின் கிடைத்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதேன். ஒருத்தி என்றால் அவளோடு மல்லுக்கட்டலாம். தூக்கத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

நாங்கள்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், அந்த அறையில் ஏன் தூக்கம் வரவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜெயந்தினி

பதுளை
ஜூன் 19

அன்பு ஜெயந்தினி,

பதில் தெரியாததால் கோபம்தான் வந்தது. வேவு பார்க்க வந்தவளை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று டீச்சரிடம் கத்தினேன்.

நேற்று வெலிமடை வழியில் பஸ் பழுதாகி நின்றது. மெக்கானிக் வரும்வரை பின் சீட்டில் சாய்ந்தேன். ஆட்கள் ஏசுகிறார்கள், வடைக்காரர் கூவுகிறார், ஒரு குழந்தை வீறிடுகிறது. கண் விழித்தபோது மெக்கானிக் வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்! சாயுமுன் வாங்கித் தந்த டீயில் எதையாவது கலந்துவிட்டாரோ என்று என் பஸ் கண்டக்டர் மேல் சந்தேகம். கேட்டேவிட்டேன். "டீயில என்னாத்தக் கலக்குறது? சீனியே பத்தலிங்க" என்றார்.

பிறகுதான் விளங்கியது. அந்த நேரத்தில் தூங்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

இனி தூக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். கண் சொருகினால் பஸ்ஸை ஓரங்கட்டுவேன், ஏசுகிறவர்கள் ஏசட்டும். டிப்போவிலும் சொல்லிவிட்டேன். மாத்திரையை எப்படி நிறுத்துவதென்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?

நிஷாந்த்

மடுல்சீமை
ஜூன் 21

மச்சான்,

இவ்வளவு சீக்கிரம் மனம் மாறியதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஒரு பெரிய மழை பெய்தால் மறுபடி மூட்டை கட்டுவீர்களோ என்றுதான் தோன்றுகிறது. அதனால் அறைச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டே வாருங்கள்.

லதுஷாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்; பிறகு நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது.

தூக்கம் வராமல் கிடந்தால் என்னையும் எழுப்புங்கள். உங்களிடம் பேச வேண்டியது நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

ஜெயந்தினி